டிரைவர் பேர்

எழுபதுகளில், டெல்லிக் குளிருக்கு எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இருந்த ஒரே வைத்தியம் மதிய வெயில்தான். சாப்பாடு ஆனதும் ஆபீஸ் புல்வெளியில் போய் உட்கார்ந்துவிடுவோம். பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒருவர் எங்களோடு வந்து சேர்ந்துகொள்வார். ஒடிசலான மனிதர், தோள் வழியும் பெரிய பழுப்பு ஸ்வெட்டர். தினமும் ஓர் ஆரஞ்சு உரிப்பார். முதல் சுளையைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்காமல் தன் வாயில் போடமாட்டார்.

ஒருநாள் பேப்பரில் வந்த செய்தியை நான் உரக்கப் படித்தேன். நெடுஞ்சாலையில் ஆரஞ்சு லாரி கவிழ்ந்து டிரைவர் அடியில் சிக்கிக்கொண்டார். கூடிய ஜனங்கள் பழத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆள் செத்துப்போனார்.

"மனுஷ ஜென்மங்களா இதுங்க!" என்றேன்.

"ஓசியில கிடைச்சா நம்ம ஆபீஸ்லயே தோல்கூட மிஞ்சாது" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தோம்.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "டிரைவர் பேர் போட்டிருக்கா?" என்று கேட்டார்.

எத்தனை பெட்டி, என்ன விலை என்றெல்லாம் போட்டிருந்தது. "பேர் இல்ல சார்."

"இன்னொரு தடவை பாருங்க. அவர் வீட்லயும் பேப்பர் பார்ப்பாங்க இல்லையா?"

மறுபடியும் பார்த்தேன். இல்லை.

உரித்த பழத்தை அப்படியே என் கையில் வைத்துவிட்டு எழுந்து போனார். நாங்கள் அதைப் பங்கு போட்டுத் தின்றோம்.

அதன்பிறகு அவர் புல்வெளிக்கு வரவில்லை. தேடிப் போகலாமென்று பக்கத்துக் கட்டடத்து வாசல்வரை போனேன். "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டான் காவல்காரன். அவர் பேர் எனக்குத் தெரியவில்லை.