முதலில் இறங்கியவர்

நேபாளத்துக்குக் கோயில் யாத்திரை போனபோது, பக்கத்து அறையில் சிதம்பரத்துக்காரர் ஒருவர் மனைவியோடு தங்கியிருந்தார். ஒடிசலான உடம்பு, கசங்காத வெள்ளைச் சட்டை. முட்டிவலிக்கார மனைவிக்கு ஆரஞ்சுச் சுளையை நார்கூட இல்லாமல் உரித்துக் கொடுப்பார். "பாத்துக் கத்துக்கங்க" என்று என் கணவரிடம் சொன்னேன்.

ஒருநாள் காலை நிலம் ஆடியது. மூன்றாவது மாடியிலிருந்து அவர் தனியாக ஓடிவிட்டார். அந்த அம்மாளை நாங்கள்தான் தூக்கி இறக்கினோம். அடங்கிவிட்டதென்று மதியம் அறைக்குத் திரும்பினால் மறுபடி ஆடியது. மறுபடியும் ஓடினார்.

கீழே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "அவுங்கள விட்டுட்டு வந்துட்டீங்களே சார்?"

அவர் கோபப்படவில்லை. "ரெண்டு பேரும் செத்துட்டா பாடிய ஊருக்கு யாரும்மா கொண்டு போறது?" என்றார். அந்த அம்மாள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மூன்றாவது முறை ஆடியது. நாங்கள் தூக்கப் போனபோது அந்த அம்மாள் கட்டிலை விட்டு அசையவில்லை.

"எங்க வூட்டுக்காரரு எறங்கிட்டாரு இல்ல? நீங்க போங்க."

வலுக்கட்டாயமாகத்தான் தூக்கி வந்தோம்.

போன மாதம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பார்த்தேன். மனைவியின் கையைப் பிடித்துப் பதமாகப் படியேற்றிக்கொண்டிருந்தார். "கடலூருக்கா? வாங்கம்மா, சீட்டு இருக்கு" என்று சிரித்தார். அந்த அம்மாள் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.