மஞ்சள் வராத நாள்

போன வாரம் அபிராமபுரத்தில் என் மகன் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் இயந்திரம் விற்பவள். எங்கள் குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழலில் பிடித்து, கைப்பையிலிருந்து ஒரு சீசாவை எடுத்து நாலு சொட்டு விட்டாள். தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. "பாத்தீங்களா அங்கிள், இதைத்தான் குடிக்கிறீங்க" என்றாள், ஏதோ விஷத்தைக் காட்டுகிற மாதிரி. மருமகள் பயந்துபோனாள். எனக்கோ பழைய சிநேகிதனைத் தெருமுனையில் பார்த்ததுபோல் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு காபி கொடுக்கச் சொன்னேன். இயந்திரம் வாங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அந்த மஞ்சளைத் தேடிப் போவதுதான் என் உத்தியோகம். குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்தேன். ஆய்வுக்கூடம் என்றதும் என்னைப் பெரிய விஞ்ஞானியாக நினைத்துவிடாதீர்கள். மேற்கு மாம்பலத்து அறையிலிருந்து காலையில் கிளம்பி, சைக்கிளுக்குப் பின்னால் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு என்று தெருக்குழாய்களைச் சுற்றி வருகிற ஆள். குழலில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விடுவேன். மஞ்சள் வந்தால் தண்ணீரில் குளோரின் மிச்சமிருக்கிறது, தைரியமாகக் குடிக்கலாம். எவ்வளவு மஞ்சள் என்று நிற அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் எண்ணைக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

வாரம் ஒரு முறை கிருமிப் பரிசோதனைக்கும் தண்ணீர் பிடிப்பேன். அதற்கு முன்னால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாயின் வாயைச் சுட வேண்டும், அதில் ஒட்டியிருக்கிற கிருமி கணக்கில் சேராமலிருக்க. மாட வீதியில் முதல் தடவை அப்படிச் செய்தபோது கூட்டம் கூடிவிட்டது. "குழாய்க்குக் கற்பூரம் காட்டறார்டி" என்று யாரோ சொல்ல, குடத்தோடு நின்ற ஒரு மாமி நிஜமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் மறுக்கவில்லை. அந்த வயதில் அப்படிப்பட்ட மரியாதை வேறெங்கே கிடைக்கும்?

ஸ்பிரிட் வாசனை என்றால் எனக்கு மயிலாப்பூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டியிருந்த ஒரு சந்துதான் நினைவுக்கு வரும். காய்ந்த மீனும் மெழுகுவர்த்தியும் கலந்த வாசனை அந்தச் சந்துக்கு. இருபது முப்பது வீடுகளுக்கு ஒரே குழாய். குழாய்க்கு எதிர்வீட்டில் பிலோமினா டீச்சர் இருந்தார். மாதாகோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. குழாயடிச் சண்டையைத் தாங்க முடியாமல், விடிந்ததும் சாக்குக்கட்டியோடு வந்து ஒவ்வொரு குடத்திலும் வரிசை எண் எழுதிவிடுவார். டீச்சர் எழுதிய எண்ணை யாரும் அழிக்கத் துணிந்ததில்லை.

அந்த வரிசையில் முனியம்மா என்று ஒருத்தி. வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். அவள் மகள் சம்பூரணத்துக்கு ஆறு வயதிருக்கும். நான் சைக்கிளை நிறுத்தினால் ஓடி வந்து குழலுக்கு நேராக முகத்தை வைத்துக்கொள்வாள். நிறம் வந்ததும் "மஞ்சா!" என்று சந்துக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். அவள் கத்திய பிறகுதான் நான் நோட்டைத் திறப்பேன். அது எங்கள் இருவருக்கும் ஏற்பட்டுவிட்ட ஒப்பந்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் வரவில்லை.

இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். வரவில்லை. "இன்னா சார், மஞ்சா வர்ல?" என்றாள் சம்பூரணம். "மருந்து தூங்குது" என்றேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். யுத்தம் முடிந்த புதிது. மருந்துகள் பழைய சரக்காக வந்துகொண்டிருந்தன. அடுத்த தெருக் குழாயில் அதே மருந்தைச் சோதித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் அன்று சாயங்காலம் நான் பெண் பார்க்கப் போக வேண்டும், சவரம் கூடச் செய்துகொள்ளவில்லை. முந்தின தடவை எண்ணையே நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி போனபோது டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"தம்பி, இந்தச் சந்துல மூணு பிள்ளைங்க காய்ச்சலா படுத்திருக்கு. மூணும் இந்தக் குழாய்த் தண்ணிதான் குடிக்குது."

அதில் ஒன்று சம்பூரணம்.

தண்ணீரைப் பிடித்துச் சொட்டு விட்டேன். நிறமே இல்லை. அடுத்த தெருவுக்கு ஓடினேன். அங்கே பளிச்சென்று மஞ்சள். மருந்து தூங்கவில்லை. சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று நினைவில்லை. ஆய்வுக்கூடத்தில் என் மேலதிகாரியான கெமிஸ்ட் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர்.

"வெள்ளிக்கிழமை நம்பர் பொய்யா?"

"பொய் சார்."

அவர் டெலிபோனை எடுத்து அந்தக் குழாயை உடனே மூடச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "உன்னை என்ன பண்றதுன்னு பின்னாடி பாத்துக்கலாம். முதல்ல அந்தச் சந்துக்குப் போ" என்றார்.

கசிவு கண்டுபிடிக்கிற கன்னியப்பன் வந்தார். நீள இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு அடி அடியாக நகர்ந்தார். ஓரிடத்தில் நின்று, "இங்கதான் சார் கீது" என்றார். தோண்டினார்கள். பழைய சாக்கடைக் குழாய் உடைந்து ஊறிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே போன தண்ணீர்க் குழாயில் விரல் நீள விரிசல். தண்ணீர் காலையும் மாலையும்தான் வரும். அது நின்றதும் காலிக் குழாய் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. கன்னியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குள் பார்த்தபடி நின்றார்.

குழாயை மூடியதற்குப் பெண்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். டீச்சர்தான் வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னார். மாட்டு வண்டியில் பீப்பாய்த் தண்ணீர் வந்தது. அந்தக் குடங்களுக்கும் அவரே எண் போட்டார்.

இரண்டு பிள்ளைகள் பிழைத்தார்கள். சம்பூரணம் பிழைக்கவில்லை.

காய்ச்சல் வரப் பல நாள் பிடிக்கும், கிருமி வெள்ளிக்கிழமைக்கு முன்பே உள்ளே போயிருக்கும் என்றார் கெமிஸ்ட். நான் எழுதிய எண்ணைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். வேலை போகவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாட்களில் மஞ்சள் வெளிறிக்கொண்டே வந்ததையும் நான் கவனித்திருக்க வேண்டும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமைப் பொய்யை டீச்சரிடம் சொன்னேன். முனியம்மாவிடமும் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொன்னா உங்க மனசு லேசாகும் தம்பி. அவளுக்கு?"

சொல்லவில்லை. சரியா தவறா என்று இன்றுவரை தெரியவில்லை.

புதுக் குழாய் பதித்தார்கள். மஞ்சள் நன்றாகவே வந்தது. வரிசையும் சண்டையும் பழையபடி திரும்பின. முனியம்மா மட்டும் அங்கே தண்ணீர் பிடிக்கவில்லை. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களோடு என்னைக் கடந்து அடுத்த தெருவுக்குப் போவாள். சந்தின் கோடியில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற இடைவெளி உண்டு; அதுதான் வழி. ஒரு நாள் பொறுக்காமல், "இப்ப நல்ல தண்ணிதாம்மா" என்றேன்.

"தெரியும் சார். எனக்கு வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அப்புறம் எனக்கு வேறு பகுதி கொடுத்தார்கள். டீச்சர் காலமான செய்தி வெகு காலம் கழித்துத் தெரிந்தது. வீட்டுக்கு வீடு இணைப்பு வந்ததும் தெருக்குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கம் போனேன். காய்ந்த மீன் வாசனை இல்லை. சந்திலும் அடுத்த தெருவிலும் குழாய் நின்ற இடமே தெரியவில்லை. சந்தின் கோடிவரை நடந்து பார்த்தேன். அந்த இடைவெளியை அடுக்குமாடி வீட்டின் மதில் அடைத்திருந்தது. அப்படி ஒரு வழி இருந்தது என்று சொன்னால், அங்கே காவலுக்கு நின்றவர் நம்பவில்லை.