மூன்று டீயும் ஒரு கழிப்பறை ஆப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, உவரிக்குப் போகிற வழியில், ஒரு டீக்கடை வாசலில் நின்று என் மதினி மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

மதினிக்கு டீ பிடிக்காது.

எனக்கும் அப்போது டீ தேவைப்படவில்லை. கார் ஓட்டி வந்த சாகுல் பாய் முகத்திலும் பெரிய ஆசை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ஆளுக்கொரு கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தோம். ஏன் என்கிறீர்களா? எல்லாம் என் போனில் இருக்கும் ஒரு ஆப் செய்த வேலை. இல்லை... பொய் சொல்லக் கூடாது. நான் செய்த வேலை.

எனக்கு ஆப் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். அதிலும் பயண ஆப் என்றால் சொல்லவே வேண்டாம். வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகுமா என்று ஜோசியம் சொல்ல ஒன்று. இறங்க வேண்டிய ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் அலறி எழுப்ப ஒன்று — அது போட்ட சத்தத்தில் எதிர் சீட்டுக்காரர் பதறிப்போய் தப்பான ஊரில் இறங்கப் பார்த்தது தனிக்கதை. பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று சொல்லக்கூட ஒன்று வைத்திருக்கிறேன். இத்தனையும் வைத்துக்கொண்டு நான் அதிகபட்சம் போய் வருவது மதுரை வரைக்கும்!

போன மாதம் பேட்டையிலிருந்து என் பத்தியைப் படிக்கும் ஒரு வாசகி புதிதாக ஒரு ஆப்பைச் சொன்னார். பக்கத்தில் எங்கே கழிப்பறை இருக்கிறது, சுத்தமா, தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் வருமா — எல்லாவற்றையும் மேப்பில் காட்டுமாம். போய் வந்தவர்கள் நட்சத்திரம் வேறு போட்டிருப்பார்களாம். கேட்டதும் எனக்கு மதினி ஞாபகம்தான் வந்தது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி கோமதி. பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதம் முன்னால் சிறுநீரகத்தில் கல் வந்து, வலி தாங்காமல் தரையில் உருண்டார். பக்கத்தில் நின்ற எனக்கே அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, மருந்திலேயே போய்விட்டது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் — தினம் மூன்று லிட்டர் தண்ணீர். குடிக்காவிட்டால் மறுபடியும் வரும், அப்புறம் ஆபரேஷன்தான்.

வீட்டில் இருக்கும் நாளெல்லாம் மதினி அளந்து அளந்து குடிப்பார். ஆனால் வெளியூர்ப் பயணம் என்றால் போச்சு. முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீர் நிறுத்தம். காரணத்தைப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்கு மட்டும் சொல்கிறேன்... நீங்கள் ஒரு வேப்பமரத்தைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டுகிறீர்கள். நாங்கள் என்ன செய்ய?

உவரியில் மதினியின் தோழி ஸ்டெல்லா டீச்சர் மகளுக்கு நிச்சயதார்த்தம். இரண்டு பேரும் இருபது வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில், ஒரே பெஞ்சில், ஒருவர் டிபன் பாக்ஸை மற்றவர் காலி செய்தவர்கள். போகாமல் இருக்க முடியாது. தண்ணீர் குடிக்காமல் போனால் கல். குடித்துவிட்டுப் போனால் வழியெல்லாம் அவஸ்தை. "நான் வரலன்னு சொல்லிருதேன்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

நான் விடுவேனா? "மதினி, நீங்க பாட்டுக்குத் தண்ணி குடிங்க. வழி பூரா என் பொறுப்பு!" என்று ஆப்பைத் திறந்து காட்டினேன். போகிற பாதையில் இரண்டு நீலப் புள்ளிகள். அதில் ஒன்றுக்கு நாலரை நட்சத்திரம். மதினி என்னை நம்பினாரா, நட்சத்திரத்தை நம்பினாரா தெரியாது. கிளம்பும் முன் ஒரு லிட்டர் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

சாகுல் பாய் மேலப்பாளையத்துக்காரர். எங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் அவர் கார்தான். டவுணை விட்டு வண்டி நகர்ந்ததும் நான் வெயில் ஆப்பைப் பார்த்துவிட்டு, "மதினி, இடது பக்கம் வெயில் அடிக்கும். இங்கன தள்ளி உட்காருங்க" என்றேன்.

"அதுக்கு எதுக்குக்கா போனு? கைய வெளிய நீட்டுனா சுடப் போவுது" என்றார் பாய்.

விஞ்ஞானத்துக்கு எதிரிகள் எல்லாக் காலத்திலும் உண்டு.

மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் மதினி என் தொடையில் கிள்ளினார். ஆப்பைப் பார்த்தேன். முதல் புள்ளி மூன்று கிலோமீட்டரில். சரி... பாயிடம் எப்படிச் சொல்வது? இரண்டு பெண்கள், அதில் ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, இன்னொருவர் வாரா வாரம் ஊருக்கே புத்தி சொல்லி எழுதுகிறவர். ஓர் ஆணிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

"பாய், ஒரு டீ குடிப்பமா?" என்றேன். எவ்வளவு கௌரவமான வாக்கியம்!

எங்கே என்று சொல்வதற்குள் பாய் பிரேக் போட்டுவிட்டார். அங்கே டீக்கடை இருந்தது. பெஞ்ச் இருந்தது. பின்னால் முள்ளடர்ந்த உடைமரக்காடு இருந்தது. கழிப்பறை இல்லை. நிறுத்தச் சொல்லிவிட்டு டீ வேண்டாம் என்றால் நன்றாகவா இருக்கும்? குடித்தோம்.

மறுபடியும் கிளம்பினால் அந்த நீலப் புள்ளி வந்தது. ஆனால் பக்கத்தில் டீக்கடை இல்லை. டீக்கடை இல்லாத இடத்தில் டீ குடிக்க நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? கண்ணெதிரே புள்ளி பின்னால் போனது. அடுத்த கடையில் பதற்றத்தோடு இரண்டாவது டீ. அங்கேயும் பெஞ்சும் காடும்தான். தண்ணீரோடு டீயும் சேர்ந்துகொண்டதில் மதினியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

கடைசியில் நாலரை நட்சத்திரம் வந்தது. பக்கத்திலேயே ஒரு டீக்கடையும்! எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. மூன்றாவது டீயை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு பைய நடந்து போய்ப் பார்த்தேன். வெள்ளையடித்த, பளிச்சென்ற கட்டடம். கதவில் முழங்கை அளவுக்குப் பூட்டு.

திரும்பி வந்து டீ மாஸ்டரிடம் சன்னமாக விசாரித்தேன்.

"அதுவா? அது பூட்டித்தான் கெடக்கும்க்கா. தொறந்து வச்சா அழுக்காயிரும்லா!"

நாலரை நட்சத்திரத்தின் ரகசியம் புரிந்தது.

காருக்குள் ஏறியதும் மதினி என் பக்கம் திரும்பவில்லை. "ஒன்ன நம்பித் தண்ணி குடிச்சேன் பாரு, ஏட்டி... என்னச் சொல்லணும். பாய், வண்டியத் திருப்புங்க. வீட்டுக்குப் போவோம். இனிமே ஒரு எடத்துக்கும் வரமாட்டேன்." கண்ணில் தண்ணீர். கோபம் பாதி, அவமானம் பாதி. உவரி அரை மணி நேரத் தொலைவில் இருந்தது. ஸ்டெல்லா டீச்சர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

"பாய், டீ எல்லாம் சும்மா. மதினிக்குப் பாத்ரூம் போகணும். ரொம்ப அவசரம்!" என்று கத்திவிட்டேன்.

பாயின் காது சிவந்தது. "இத மொதல்லயே சொல்லப்படாதாக்கா?" என்றவர், அடுத்த திருப்பத்தில் முதலில் தெரிந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு தூரமாகப் போய் நின்றார்.

வாசலில் ஓர் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை டீ, காபி எதையும் இழுக்கவில்லை.

"இதுக்குப் போயா இம்புட்டுத் தயங்குதிய? உள்ள வாங்க. பின்கட்டுல இருக்கு. செருப்போட போங்க, ஈரமாக் கெடக்கும்" என்று மதினியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

நன்றி பெருகி, "அம்மா, உங்க வீட்டையும் இந்த ஆப்புல போட்டுரட்டுமா? மத்த பொம்பளைகளுக்கு உதவியா இருக்கும்" என்று கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம் தாயி! பொம்பள எறங்கிக் கேட்டா எப்பவும் தொறப்பேன். அதுல போட்டா ஆம்பளையும்லா வந்து வரிசையில நிப்பான்!"

மதினி வெளியே வந்தபோது ஆளே மாறியிருந்தார். சிரிப்புகூட வந்தது. அந்த அம்மா ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள் அல்லவா? மதினி செம்பைப் பார்த்தார், காரைப் பார்த்தார். மரியாதைக்கு உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு மனசு கனத்தது. இந்த ஒரு வீட்டைக் கண்டுபிடித்தோம். அடுத்த பயணத்துக்கு?

வண்டியில் ஏறியதும் பாய்தான் பேச்சை எடுத்தார். "ரெண்டாவது டீயிலயே எனக்கு வெளங்கிட்டுக்கா. பாதி கிளாஸ வச்சிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்திய. நானாக் கேட்டா தப்பா நெனச்சிருவியளோன்னு பேசாம இருந்துட்டேன். எங்க வீட்டுல தெரிஞ்சா என்னத்தான் ஏசுவா."

ஆக, காருக்குள் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் டீ குடித்தோம்.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. ஸ்டெல்லா டீச்சர் மதினியை விடவே இல்லை. மீன் தின்னாத மதினிக்கென்று தனியாக சாம்பார் வைத்திருந்தார். நான் இரண்டு மூன்று தடவை தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "இருக்கட்டும், வீட்டுக்குப் போயி" என்று மதினி தள்ளிவிட்டார்.

நாலு மணிக்குத் திரும்பினோம். உவரியைத் தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும். சாகுல் பாய் தலையைத் திருப்பாமல், ரோட்டையே பார்த்துக்கொண்டு, பக்கத்துக் காருக்கே கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டார்: "யக்கா, பாத்ரூம் எதுவும் போவணுமா?"



"இப்ப வேண்டாம் பாய். அரை மணி நேரங் கழிச்சு மறுபடியும் கேளுங்க" என்றார் மதினி.

சொல்லிவிட்டு, என் மடியிலிருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.