கேட்டுக்கு நாலு அடி

சித்தப்பா வரையும் செவ்வகங்கள் மூடியிருக்காது. மூன்று பக்கங்களை அடிக்கோல் வைத்து நேராக இழுப்பார். கீழ்ப்பக்கத்தை மட்டும் இரண்டு மூலைகளிலிருந்தும் தொடங்கி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்திவிடுவார். என் சிலேட்டில் அப்படி வாய் திறந்து கிடந்த ஒரு செவ்வகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. ஐம்பதுகளின் பிற்பகுதி. சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில், பலகைத் தடுப்பு போட்ட அறையில் குடியிருந்தோம். நான் தமிழ்ப் பள்ளியில் சுற்றளவும் பரப்பளவும் படித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், அப்பாவின் தம்பியும் அதையேதான் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது, அவருக்கு முப்பதைத் தாண்டியிருந்தது.

சித்தப்பா அரசாங்கத்தில் வேலி போடும் ஆட்களில் ஒருவர். கூலிகள் குடியிருப்பில் பத்துப் பேரோடு ஒரே அறையில் படுப்பார். மண்டோராகி, மேஸ்திரி மாதிரி நாலு பேரை மேய்க்கும் நிலைக்கு வந்தால்தான் குடும்பத்தோடு இருக்கத் தனிக் குவார்ட்டர்ஸ் தருவார்கள். அது கிடைத்தால்தான் ஊரிலிருக்கும் சித்தியையும், அவர் கப்பலேறிய பிறகு பிறந்த மகளையும் வரவழைக்க முடியும். மண்டோராவதற்கு ஓர் எழுத்துத் தேர்வு இருந்தது. வருடக்கணக்காக வேலி போட்டவனிடம் வேலிக்கு எவ்வளவு கம்பி வேண்டுமென்று காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்வதுதான் நிர்வாகம் என்பது. பின்னாளில் நானும் அதே நிர்வாகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை; நாங்களும் அப்படித்தான் கேட்டோம்.

பரப்பளவில் அவரிடம் யாரும் தவறு காண முடியாது. புல் பதிக்க வேண்டிய திடல், சிமெண்டு பூச வேண்டிய தரை என்று மனத்தில் விரித்துக்கொண்டு சட்டென்று விடை சொல்லிவிடுவார். சுற்றளவில்தான் எங்களுக்குள் சண்டை.

"நீளத்தையும் அகலத்தையும் கூட்டி ரெண்டால பெருக்கணும் சித்தப்பா. அவ்வளவுதான்."

"பெருக்கிட்டேன் டீச்சரம்மா. இப்ப கேட்டுக்கு நாலு அடி கழி."

"கேள்வியில கேட்டே இல்லயே!"

"கேட் இல்லாம வேலி போட்டா உள்ள எப்படிப் போவாங்க? பறந்தா போவாங்க? எங்க மண்டோர் என்னைய உதைப்பாரு லா."

அடுப்படியிலிருந்து அம்மா சிரிப்பார். "தம்பி, அவ பாஸ் பண்ணிடுவா. நீங்க இப்படியே பேசிக்கிட்டிருங்க."

தேர்விலும் அவர் கேட்டுக்கு இடம் விட்டார். தோட்டம், விளையாட்டுத் திடல், கிடங்கு என்று கேட்டிருந்த எல்லாச் சுற்றளவுகளிலும் நாலு அடி குறைந்தது. திருத்தியவர் ஒவ்வொன்றுக்கும் பெருக்கல் குறி போட்டிருப்பார். விதிப்படி அது சரி. தேறவில்லை என்ற செய்தியோடு வந்த அன்று சித்தப்பா என்னைப் பார்த்து, "கேட்டை அடைச்சிடணும் போல, டீச்சரம்மா" என்றார். அடுத்த தேர்வு மறு வருடம்தான். அந்த வருடம் முழுக்க என் முன்னால் உட்கார்ந்து நான்கு பக்கங்களையும் மூடி மூடி வரைந்து பழகினார். தேறினார்.

ஆனால் இடைப்பட்ட அந்த வருடத்தில் குடிநுழைவுச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கணவனைவிட்டு ஐந்தாண்டுகளுக்கு மேல் பிரிந்து வாழும் மனைவி இனி இங்கே வர முடியாது. சித்தப்பா தேறியபோது சித்திக்கு ஐந்தாண்டு தாண்டிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அந்தத் திருத்தத்தை நான் அலுவலகத்தில் சேர்ந்த பிறகு முழுதாக வாசித்தேன். நல்ல தெளிவான நடை. எங்கே கையெழுத்து, எத்தனை பிரதி, யாரிடம் முறையீடு, எல்லாம் இருந்தது. மனைவியைப் பிரிந்து வாழ ஆசைப்பட்டு யாரும் இங்கே வரவில்லை என்ற குறிப்பு மட்டும் எந்த உட்பிரிவிலும் இல்லை.

மண்டோராகப் புதுக் காக்கிச் சட்டையில் வந்தவரிடம், "சித்தி எப்ப வருவாங்க?" என்று கேட்டேன். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "நம்ம கணக்கு சரிதான் பாப்பா. கேள்விய மாத்திட்டாங்க" என்றார். குடும்பம் இல்லாதவருக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸும் கிடையாது. மண்டோரான பிறகும் அதே பத்துப் பேர் அறையில்தான் படுத்தார்.

அறுபதுகளின் நடுவில் நீண்ட விடுப்பு சேர்ந்ததும் ஊருக்குக் கப்பலேறினார். திரும்பி வரமாட்டார் என்றுதான் அம்மா நினைத்தார். விடுப்பு முடிவதற்கு முன்பே ஒரு காலை எங்கள் படிக்கட்டில் அவருடைய இருமல் கேட்டது. மெலிந்திருந்தார். அம்மா காப்பி கலந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, சித்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கா அண்ணி. புள்ளையும் வளந்துட்டா." குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தார். "போன அன்னிக்கு எம் பொண்டாட்டிதான் காப்பி கொண்டுவந்தா. உங்களுக்குச் சீனி எவ்வளவு போடணும்னு கேட்டா."

மீதிக் காப்பியை அவர் குடித்து முடிக்கும்வரை அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.