பண்ணாடியும் சகாவும்

கேரள எல்லையோரத்து எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவர் பழனாத்தாள். வயது ஐம்பத்து மூன்று. கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வேலை சின்னையன் தோப்பில். கட்சிக் கிளையின் செயலாளரும் அந்தச் சின்னையன்தான். தோப்பில் அவரைப் ‘பண்ணாடி’ என்பார் பழனாத்தாள். கூலியாட்கள் நிலக்காரரை அழைக்கும் பழைய சொல் அது. கூட்டத்தில் மட்டும் ‘சகாவு’, மலையாளத்தில் தோழர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதிய செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரதீபா என்ற உறுப்பினர் பழனாத்தாள் பெயரைச் சொல்லியிருந்தார். அதற்கு முன் ஒரு வகுப்பு. சீனாவில் கலாச்சாரப் புரட்சி ஏன் வந்தது என்று சின்னையன் விளக்கினார்.

“நெலத்தைப் பிரிச்சாச்சு, ஆலையை எடுத்தாச்சு. மனசு மட்டும் பழசாவே இருந்துச்சு. கட்சியில மேல போனவங்களே புது மொதலாளி ஆயிருவாங்கன்னு தலைவருக்குப் பயம். அதுதான், பழைய எண்ணம், பழைய பழக்கம் எல்லாத்தையும் ஒழிக்கோணும்னு பசங்களைக் கெளப்பி வுட்டாரு.”

“அப்பறம் என்னாச்சுங்க பண்ணாடி?” என்று எழுந்து நின்று கேட்டார் பழனாத்தாள்.

கூட்டமே சிரித்தது. சின்னையன் மகன் கௌசிக் விடவில்லை. “பழசைப் பாக்கச் சீனாவுக்கா போகோணும்? இந்த அக்காவைச் செக்ரட்டரி ஆக்குனா, மேல்கமிட்டியில போயி எத்தனை பேரைப் பண்ணாடிம்பாங்களோ!”

பழனாத்தாளின் முகம் சுண்டிப்போயிற்று. பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் உட்காரவில்லை.

“அங்க என்னாச்சுன்னு கேட்டனுங்க.”

சின்னையன் குரலைத் தாழ்த்தினார். “வாத்தியாருங்களை முட்டி போட வெச்சு அடிச்சாங்க. நெறையப் பேரு செத்தே போனாங்க.”

“மனசுல இருக்கறதை எடுக்கறேன்னு ஆளை அடிச்சிருக்காங்க. இந்தச் சொல்லு என் வாயில தானா மொளைக்கலீங்க. அம்பது வயசுக்கு மேலயும் நான் உங்களுக்கு ‘ஏ புள்ளே’தான். ரெண்டும் ஒண்ணாப் போனாத்தானுங்க போகும்.”

வகுப்பு முடிந்து பழனாத்தாள் பெயருக்கு வாக்கெடுப்பு நடந்தது. பதின்மூன்று பேரில் எட்டுப் பேர் கை தூக்கினார்கள். கௌசிக் தூக்கவில்லை. எட்டாவது கை சின்னையனுடையது. அது மெதுவாகத்தான் உயர்ந்தது.

கூட்ட முடிவுகளை எழுதும் மினிட்ஸ் நோட்டை வாங்கிய புதிய செயலாளர், எழுத்துக்கூட்டி முதல் முடிவை எழுதி வாசித்தார். அடுத்த வகுப்பு பழனாத்தாள் வீட்டில். “ஊடு சின்னதுங்க. ஆனா எல்லாருக்கும் டீ உண்டு.”

சின்னையன் குடும்பத்தில் யாரும் அந்தத் தெருவில் இதுவரை ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அது அங்கே எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்: “எத்தனை மணிக்குங்க?”