படையலுக்கு வந்த ஸ்டவுட்

தீபாவளிக்கு முதல் நாள் மகன் வரவில்லை. ஒரு போத்தல் வந்தது.

சிலிபினில் எங்கள் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்திய கூரியர்காரர், பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன என் கையெழுத்தை அவருடைய போனில் விரலால் போட்டேன். மண்புழு மாதிரி வந்தது. போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகன் சிங்கப்பூரில் பீர் காய்ச்சி விற்கும் கடையில் வேலை செய்கிறான். என் மாமனார் தோட்டத்து ரப்பர் காட்டுக்குள் சம்சு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சிப் போலீசில் மாட்டியவர். பேரன் அதே வேலைக்குச் சம்பளமும் மருத்துவ லீவும் வாங்குகிறான். குடும்பம் முன்னேறிவிட்டது.

பெட்டி வருவதற்கு முன்பே போனில் எல்லாம் சொல்லியிருந்தான். இது பெல்ஜியம் நாட்டு முறையில் செய்த ஸ்டவுட், அதாவது கறுப்பு பீர். முதல் முறையாக முழுக்கத் தன் கையால் காய்ச்சியது. அப்பாவுக்குப் படையலில் வைக்க வேண்டும். பிறகு நான் குடித்துப் பார்த்து, மறைக்காமல் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பெருநாள் நேரத்தில்தான் கடையில் கூட்டமாம், அதனால் இந்த வருஷமும் லீவு இல்லையாம். 'இந்த வருஷமும்' என்ற இடத்தில் அவன் குரல் இறங்கியது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்காதது போல இருந்தேன்.

மகள் பிள்ளைகளோடு சித்தியவானில் மாமியார் வீட்டுப் படையலுக்குப் போய்விடுவாள். கட்டிப்போனவள் புருஷன் வீட்டுச் செத்தவர்களுக்குத்தான் முதலில் சமைக்க வேண்டும். ஆக, மூன்றாவது வருஷமாக நானும் சுவரில் இருக்கும் என் வீட்டுக்காரர் படமும்தான்.

சமைப்பது பெரிய காரியமில்லை. தீர்ப்பதுதான் காரியம். படையலில் வைத்ததைக் கொட்டக் கூடாது, வீட்டு ஆட்கள் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். அப்பாவின் ஸ்டவுட் கிளாஸை எடுத்துக் குடிப்பது மகனுடைய வேலை. போன இரண்டு வருஷமும் சின்ன டின்னாக வாங்கி வைத்து, நானே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். இவன் அனுப்பியதோ ஒரு முழ உயரப் போத்தல். லேபிளில் எனக்குப் படிக்க வந்தது பதினொன்று என்ற எண் மட்டும். பதினொரு பெர்சன் சாராயம். மாமனார் இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

சாயங்காலம் இலை போட்டேன். கோழிக் குழம்பு, இட்லி, முறுக்கு, அவர் கட்டிக்கொள்ளப் புதுச் சாரம், ஒரு சிகரெட். சாம்பிராணி போட்டுவிட்டுப் போத்தலை எடுத்தேன். மூடி இல்லை. தக்கையை அடைத்து, கோழியின் காலைக் கட்டுவது போலக் கம்பியால் கட்டியிருந்தான். கம்பியை முறுக்கி எடுத்ததும் தக்கை வெடித்துப் பறந்து, நேராக அவர் படத்தின் நெற்றியில் பட்டது. அவர் அசையவில்லை.

"என்னைப் பாக்காதீங்க, உங்க மகன் வேலைலா இது," என்றேன்.

ஐஸ் போடவே கூடாது என்று மகன் இரண்டு தடவை சொல்லியிருந்தான். ஆனால் அவர் ஐஸ் இல்லாமல் ஸ்டவுட் குடித்து நான் பார்த்ததில்லை. செத்தவருடைய பழக்கத்தை நான் எப்படி மாற்றுவது? கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு ஊற்றினேன். நுரை மைலோ நிறத்தில் எழுந்தது. மிச்சப் போத்தலைத் திறந்தபடி பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி வெளியே வந்து உட்கார்ந்தேன்.

படையலுக்குக் கதவைச் சாத்தினால் வெளியே நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் நேரம் போகும். எதிர்வீட்டில் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்தினார்கள். நான் என் கால் விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன.

அரைமணி கழித்துக் கதவைத் தட்டித் திறந்தேன். வாசனை முகத்தில் அடித்தது. கோப்பிக் கொட்டை வறுக்கிற வாசனை, அதற்குள் கிராம்பு, அதற்கும் பின்னால் கறுத்துப்போன வாழைப்பழம். யாரோ உள்ளே இருந்துவிட்டு அப்போதுதான் எழுந்து போனது போல இருந்தது. கொஞ்ச நேரம் நிலைப்படியிலேயே நின்றேன்.

முதலில் அவர் கிளாஸைக் குடித்தேன். ஐஸ் கரைந்து, நேற்று வாங்கி மறந்துபோன, பால் இல்லாத கோப்பி ஓ மாதிரி இருந்தது. பிறகு போத்தலில் இருந்து, ஐஸ் இல்லாமல், ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றினேன். வெயிலில் இருந்தது போல லேசாகச் சூடேறியிருந்தது. இது வேறு. முதலில் அடிபிடித்த குலா மெலாக்கா வெல்லத்தின் இனிப்பு. பேரீச்சம்பழம். நாக்கின் ஓரத்தில் கிராம்பு. விழுங்கிய பிறகுதான் கசப்பு வந்தது, கோபித்துக்கொண்டு போனவன் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்வது போல. கடைசியில் நெஞ்சுக்குள் ஒரு சூடு.

அந்தக் கசப்பு எனக்குத் தெரியும். இவன் பிறந்த மாதம் தோட்டத்து வீட்டில் மாமியார் தினமும் அரை கிளாஸ் ஸ்டவுட் கொடுப்பார். பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊறுமாம். மாட்டேன் என்றால் தலையைப் பிடித்து ஊற்றுவார்.

போன் அடித்தது. திரையில் மகன், பின்னால் கடைச் சத்தம்.

"குடிச்சியாம்மா? எப்படி இருக்கு?"

"உங்கப்பா தொடவே இல்லடா. ஒரு சொட்டுக் குறையல."

"செத்தவங்க குடிச்சா குறையாதும்மா."

"நீ வந்து பாத்தியாக்கும்."

நான் சொன்னது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்: கோப்பி, கிராம்பு, வாழைப்பழம், பேரீச்சம்பழம், கருகிய வெல்லம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கொஞ்சம் சாம்பிராணியும் தெரிகிறது என்றேன். அதை மட்டும் போடவில்லையே என்று குழம்பினான். என் முழங்கை பக்கத்தில் சாம்பிராணிக் கிண்ணம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. நான் சொல்லவில்லை.

"நீ குடிச்ச மொத ஸ்டவுட்டு என் பாலுலதான்டா. அதுக்கு இது எவ்வளவோ தேவலாம்," என்றேன்.

சிரித்தான். பிறகு தொழில்காரன் முகத்தோடு கேட்டான்.

"கொறை என்னன்னு சொல்லும்மா. சும்மா நல்லாருக்குன்னு சொல்லாத."

யோசித்துத்தான் சொன்னேன்.

"ஒரு ஆளுக்குப் பெரிய போத்தல்டா."

அவனுக்குப் பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை. பொங்கலுக்கு லீவு கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான். மிச்சத்தை இன்றைக்கே குடித்துவிட வேண்டும், நாளைக்குக் காற்றெல்லாம் போய்ச் சப்பென்று ஆகிவிடும் என்றும் சொன்னான். சரி என்றேன்.

தக்கையைத் தேடி எடுத்தேன். வெளியே வந்த தக்கை ஊதிப்போய், மறுபடி உள்ளே நுழைய மாட்டேன் என்றது. பிளாஸ்டிக் பையைப் போத்தல் வாயில் கவிழ்த்து, ரப்பர் வளையம் இரண்டு போட்டு, ஐஸ்பெட்டிக் கதவில் நிறுத்தினேன். பாதிப் போத்தல் இருக்கிறது. சப்பென்று போனால் போகட்டும். படையல் பொருள். கொட்டக் கூடாது, அதைக் குடிக்க வேண்டியவன் அவன்.