சுவர் கேட்கப் போனவள்

சினிமாக் கொட்டகை வேலை என்றால் படம் பார்க்கும் வேலை என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்ததோ சுவர் பார்க்கும் வேலை. ஒரு காரியமாக யார் வீட்டு வாசலிலாவது போய் நின்று, கேட்க வந்ததைக் கேட்காமலே "சரிங்க, வரேன்" என்று திரும்பியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். வாய் உள்ளவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது.

எழுபதுகளின் கடைசியில், பி.ஏ. முடித்த கையோடு, திருவண்ணாமலையில் ஒரு கொட்டகை ஆபீஸில் சேர்ந்தேன். எந்தெந்தச் சுவரில் போஸ்டர் ஒட்டுவது என்று பார்ப்பது, சுவர்க்காரர்களுக்கு வாடகைக்குப் பதிலாக இலவச பாஸ் கொடுப்பது, அவர்கள் கோபித்துக்கொண்டால் சமாதானம் சொல்வது, இதெல்லாம் என் பொறுப்பு. ஒட்டுவதற்குக் கோவிந்தண்ணன் இருந்தார். சைக்கிள், ஏணி, மைதாப் பசை வாளி இவைதான் அவர் சொத்து. பழைய போஸ்டரைக் கிழிக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. அதன் மேலேயே புதுசை ஒட்டிவிடுவோம். அதனால் ஊரில் பல சுவர்கள் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே வந்தன.

முதலாளி என்னைச் சேர்த்ததற்கு ஒரே காரணம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பங்காரம்மா வீட்டுப் பக்கவாட்டுச் சுவர். செங்கம் பஸ், போளூர் பஸ், எதில் வந்து இறங்கினாலும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான். அது எதிர்க் கொட்டகைக்காரர்கள் கையில் இருந்தது. எங்கள் கொட்டகையிலிருந்து ஆண்கள் போனால் பங்காரம்மா முகம் கொடுத்தே பேசுவதில்லை. ஒரு பெண் போய்க் கேட்டால் பேசுவார் என்பது முதலாளியின் கணக்கு. "கார்த்திகை தீபத்துக்குள்ள அந்த செவுத்த வாங்கிட்டின்னா வேலை நிரந்தரம். இல்லன்னா தீபத்த பாத்துட்டு வீட்டுக்குப் போயிடும்மா" என்றார். இதைக் கேட்டு என் அப்பாவுக்கு ஏக சந்தோஷம். கொட்டகை வேலைக்குப் போகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர், தீபம் கழித்து வந்து பெண் பார்க்கும்படி ஆரணியில் ஒரு குடும்பத்துக்குச் சொல்லியே விட்டார். எனக்கு அந்த வேலை வேண்டும். ஆரணி வேண்டாம். ஆனால் இரண்டையும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

தூணுக்குப் பின்னால்

வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். பங்காரம்மா வீட்டு முன்பக்கத்தில் மல்லாட்டை வியாபாரம். நான் முதல்முறை போனபோது அவர் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சொத்தைக் கொட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வயது ஐம்பது இருக்கும். குரலுக்கு அதில் பாதிதான். நான் நின்றேன். அவர் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "இன்னா வேணும், அரைப்படியா ஒரு படியா?" என்றார். சுவர் வேண்டும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அரைப்படி" என்றேன். இப்படியே நாலைந்து தடவை அரைப்படி வாங்கினேன். எங்கள் வீட்டில் தினமும் மல்லாட்டைச் சட்னி. அப்பா என்ன ஏது என்று கேட்கவில்லை. ஆரணிக்காரர்களுக்கு மல்லாட்டை பிடிக்குமாம்.

கடைசியில் கோவிந்தண்ணன் கூடவே வந்து, நான் கேட்க வேண்டியதைத் தெருவில் சைக்கிளில் இருந்தபடியே கேட்டுவிட்டார். பங்காரம்மா முறத்தைக் கீழே வைத்தார். எப்போதோ எங்கள் கொட்டகைக்கு வந்தபோது அவரைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்களாம். திரையில் வலதுபக்கம் நின்றவர்களை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்ததாம். அந்தப் படத்தில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. "பாதிப் படம் காட்டின கொட்டகைக்கு முழு செவுரு கேக்குதா?" என்றார்.

மாடு தின்ற கதாநாயகன்

கோயில் ஊரில் மாடுகளுக்குப் பஞ்சமில்லை. மைதாப் பசை அவற்றுக்கு அல்வா மாதிரி. ஒட்டிக் காய்வதற்குள் நக்கத் தொடங்கி, காகிதத்தோடு தின்றுவிட்டுப் போகும். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைத்தெருச் சுவரில் ஒட்டிய புதுப்பட போஸ்டரில் ஒரு மாடு கதாநாயகனை இடுப்புவரை தின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற வில்லனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பத்து மணிக்கெல்லாம் ரசிகர் மன்றத்தார் ஆபீஸுக்குள் நின்றார்கள். இது எதிர் மன்றத்துக்காரன் வீட்டு மாடு, பழக்கிவிட்டிருக்கிறான் என்று செயலாளர் மேசையைத் தட்டினார். மாட்டின் கொம்பில் பூசியிருந்த வர்ணமே சாட்சியாம். நான் தலையைத் தலையை ஆட்டினேன். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு, மாட்டுக்காரனிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கித் தரும்படி என்னையே கேட்டார்கள். அந்தச் சமயம் உள்ளே வந்த கோவிந்தண்ணன் மெதுவாக உண்மையைச் சொன்னார். அவரும் அந்தக் கதாநாயகனின் ரசிகர்தான். "நம்மாளு காத்துல கிழியக் கூடாதுன்னு அவருக்கு மட்டும் பசைய ஜாஸ்தி போட்டேம்பா. வில்லனுக்குக் கம்மி. மாட்டுக்கு அரசியல் தெரியாது, பசைதான் தெரியும்."

சீரோடு போன பாஸ்

சுவர்க்காரர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பாஸில் பெயர் எழுதுவதில்லை. 'சுவர்' என்று மட்டும் போட்டு, தெருப் பெயர் எழுதுவோம். சுவர் யாருடையதோ பாஸும் அவருடையது. இதைவிட எளிய ஏற்பாடு இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

ஆவணி முகூர்த்தத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஒரு தையல்காரர், புது வேட்டியோடும் புது மாப்பிள்ளையோடும் வந்தார். பாஸை மாப்பிள்ளை பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்றார். மாப்பிள்ளைக்கு ஊர் போளூர். சுவர் இங்கே இருக்கிறது, பாஸ் போளூருக்கு எப்படிப் போகும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சுவர் தன் வீட்டிலேயே இருக்கட்டும், அதன் மேல் உள்ள உரிமையைத்தான் சீரோடு கொடுத்தேன் என்றார் தையல்காரர். மாப்பிள்ளை மோதிரம் போட்ட கையால் வாயை மூடிக்கொண்டு கூச்சத்தோடு நின்றார். என்னைப் போல ஒரு ஜீவன் என்று எனக்கு அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது. நான் தயங்குவதைப் பார்த்து மாமனார் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் பாத்து செய்யும்மா. சைக்கிள் வேணாம், கைக்கடிகாரம் வேணாம், பாஸு ஒண்ணு போதும்னு வந்த தங்கமான பையன்."

மழை காட்டிய படம்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு லாட்ஜ் சுவரில் வருஷக்கணக்காக ஏறியிருந்த போஸ்டர்கள் ஊறி ஊறி, ஒருநாள் விடியற்காலையில் மொத்தமாக மெத்தை மாதிரி சரிந்து விழுந்தன. போய்ப் பார்த்தேன். விழுந்த கட்டின் பின்பக்கம் விரல் கனத்துக்குச் சுவர்ப்பூச்சும் சேர்ந்து வந்திருந்தது. பழைய சுவரில் காகிதம் வேறு, பூச்சு வேறு என்று இருப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. அதை மனத்தில் வைத்துக்கொண்டேன். மறுபாதியில் மேல்தாள்கள் மட்டும் கழன்று, மிச்சமிருந்த அடிக் காகிதத்தில் நான் பள்ளிக்கூடம் போன காலத்துப் படம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

அன்று மத்தியானமே கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் பஸ்ஸில் வந்து இறங்கி, அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு எங்கள் கொட்டகையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிட்டது. இடைவேளையில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஆபீஸுக்கு வந்தார். "செவுத்துல ஒண்ணு, உள்ள ஒண்ணாம்மா?" என்றார். அது பழைய படம், மழையில் தெரிந்துவிட்டது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. திரும்பிப் போய்க் குடும்பத்தையே கூட்டிவந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைத்தார். "பழசா இருந்தா இன்னா, நாங்களும் பழைய ஆளுங்கதான். அதையே போடுங்க, உக்காந்திருக்கோம்."

மறுநாள் இன்னொரு விஷயம். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், விழுந்து கிடந்த அந்தக் கட்டின் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறார். தியானம் செய்கிறார் என்று எண்ணி யாரும் கிட்டே போகவில்லை. பிறகு ஆபீஸுக்கு வந்து, அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் பி.ஏ.வில் படித்த ஆங்கிலம் முழுவதும் அந்த நிமிஷம் எங்கோ போய்விட்டது. தலையை ஆட்டினேன். கோவிந்தண்ணன் மனசு கேட்காமல், மடிப்புக் கலையாத புதுப் போஸ்டர் ஒன்றை எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கைகாட்டி, கிழிந்ததை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார். முதலாளி வாசலில் நின்று ரிக்‌ஷா மறையும்வரை பார்த்தார். "கிழிஞ்சதுக்குத்தான் மவுசுன்னு தெரிஞ்சிருந்தா, ஒட்டறதுக்கு முன்னாடியே கிழிச்சி வெச்சிருக்கலாமே."

சுரண்டல்

தீபத்துக்குக் கொடியேறிவிட்டது. ஊரில் ஜனம் சேரத் தொடங்கியது. பங்காரம்மா வீட்டுக்குக் கடைசியாக ஒருமுறை போனேன். எதிர்க் கொட்டகை மேனேஜர் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். பேசப் பிறந்தவர் அவர். தீபத்துக்குப் புதுப்படம் வருகிறது, அதற்காகச் சுவரை ஒரு துணுக்குக் காகிதம் இல்லாமல் சுரண்டி, வெள்ளையடித்து, கல்யாண வீடு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று பங்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பங்காரம்மா முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். இரண்டு பேர் மண்வெட்டியும் கொத்துக்கரண்டியுமாக ஏணியில் நின்றார்கள்.

எனக்கு லாட்ஜ் சுவர் ஞாபகம் வந்தது. இது அதைவிடப் பழைய சுவர், அதுவும் மண் சுவர். சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். "அம்மா, செவுரு..." என்றேன். "செவுரு உனக்குக் கிடையாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்றார். "இல்லம்மா, செவுரு..." என்று மறுபடி தொடங்கினேன். "அரைப்படி வேணும்னா வாங்கிக்கினு போ" என்றார். மூன்றாவது தடவைக்கு எனக்குத் தைரியம் இல்லை. மல்லாட்டைக்குப் பையை நீட்டினேன்.

படி அளந்துகொண்டிருக்கும்போதே சத்தம் கேட்டது. காகிதக் கட்டு முழுசாகக் கழன்று விழ, பூச்சு அதன் பின்னால் வந்தது. பூச்சின் பின்னால் ஊறிப்போன மண் வந்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால், ஒரு ஜன்னல் அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு. அங்கே பங்காரம்மா வீட்டுக்காரர் கோவணத்தோடு சம்மணம் போட்டு, ஒரு கையில் பழைய சோறும் மறு கையில் பச்சை மிளகாயுமாக, பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டும் அவரைப் பார்த்தது. மிளகாய் கடித்தபடியே இருந்தது. பேசப் பிறந்த மேனேஜரைக் காணோம். செங்கம் பஸ் கண்டக்டர்தான் படியில் நின்றபடி முதலில் வாய் திறந்தார். "பெரியவரே, அவசரமில்ல, சாப்ட்டுட்டே வாங்க. வண்டி நிக்கும்."

வில்லன் காத்த வீடு

அன்று சாயங்காலம் பங்காரம்மா எங்கள் ஆபீஸுக்கு வந்தார். முதலாளி நாற்காலி போடச் சொன்னார். "தூணு எதுவும் மறைக்கலியே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

கொத்தனார் வந்து பார்த்தாராம். மழை ஈரத்தில் மண் வேலை நிற்காது, தை பிறந்தால்தான் செய்ய முடியும் என்றாராம். அதுவரை மிச்சச் சுவரும் தாங்காது, இத்தனை நாள் அதைத் தாங்கியதே காகிதம்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனாராம். "உங்ககிட்ட பழைய போஸ்டரு எவ்ளோ இருக்குது? எல்லாத்தையும் கொண்டாந்து ஒட்டுங்க. ஓட்டைக்கு ஒரு தட்டி கட்டி அது மேலயும் ஒட்டுங்க. வாரா வாரம் ஒட்டுங்க. நிறுத்தினீங்கன்னா என் வீட்டுக்கு நீங்கதான் பொறுப்பு" என்றார். முதலாளி தன் சந்தோஷத்தை மறைக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். நல்ல ஆள் ஒருவனை மேற்பார்வைக்கு அனுப்புவதாகவும் சொன்னார்.

"ஆளு கீளு வேணாம்" என்றார் பங்காரம்மா. "இந்தப் பொண்ணுதான் வரணும். வாய் இருக்கறவன் வந்தா செவுத்த தள்ளிட்டுப் போறான். இது வந்தா பேசாம நிக்கும், அரைப்படி வாங்கும், போயிடும்." தீபம் கழிந்தாலும் நான் இருப்பேனா என்று அவர் நேராகவே கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். எப்போதும் போலத் தலையை ஆட்டினேன். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் நான் தலையாட்டியது சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டது. பெண் பார்க்க வர வேண்டாம் என்று அன்றிரவே அப்பா ஆரணிக்குக் கார்டு எழுதினார்.

மறுநாள் கோவிந்தண்ணன் தட்டி கட்டி, பசை கரைத்து, ஏணியில் ஏறினார். ஓட்டைக்கு நேராகத் தன் கதாநாயகனின் முகம் வரும்படி போஸ்டரைப் பிரித்தார். பங்காரம்மா கீழே நின்று, கையில் முறத்தோடு தடுத்தார். கடைத்தெரு மாட்டுக் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "அவரு வேணாம்பா. வில்லன் மூஞ்சிய ஒட்டு. மனுஷனும் எட்டிப் பாக்க மாட்டான், மாடும் திங்காது."

தை பிறந்தும் கொத்தனாரை யாரும் கூப்பிடவில்லை. ஆக, பஸ் ஸ்டாண்டு எதிரே அந்த மண் சுவரும் கொட்டகை ஆபீஸில் நானும் பல வருஷம் விழாமல் நின்றது, ஒரே வாளிப் பசையின் தயவில்தான்.